இளநங்கை நின்ற இடம்

மழை தவறாது பெய்க. ஏரிகள் நிறைந்து மறுகால் பாய்க. கோல் வளையாதிருக்க, குடி கலங்காதிருக்க.

ஏழு குன்றும் மூன்று ஆறும் உடைய மருதவெளி நாட்டை ஆண்டருளும் முடிவளர் கோ நெடுவேளார் அரியணைக்கு வலப்பக்கம் வீற்றிருந்து, ஓலை படிப்பாரும் கேட்பாரும் தம் முகக்குறிப்பையே நோக்கி நிற்கப் பணி நடத்தும் தலைமை அமைச்சர் கொற்றங்குடி அரையர் திருமுன்புக்கு, கீழ்மலை நாட்டு எல்லைநாயகம் சாத்தன் பூதி தலை தாழ்ந்து எழுதுவித்த ஓலை. தலை தாழ்ந்தது வணக்கத்துக்காக மட்டுமே என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது என்று பூதி கருதுகிறான்.

அரையரும் வேளார்கோட்டை மாநகரும் நலமென நம்புகிறான். இங்கே பூதி நலம். எல்லை நடக்கும் பிடியானை இளநங்கை மிக நலம். ஆம்பற்பாடி என்னும் ஊர் நலமாக இல்லை. அதைச் சொல்லவே இவ்வோலை.

ஆடித் திங்கள் பத்தாம் நாள் அரையர் விடுத்த ஆணையோலை வந்து சேர்ந்தது. இருட்பாடி நிலக்கரிச் சுரங்கத்தை அகழும் உரிமை, பன்னீராண்டுக்கு ஒருமுறை கரி வெட்டும் குழுவினரான கரிக்கணத்தார்க்குப் புதுப்பித்துத் தரப்படுவது, வரும் ஐப்பசியோடு முடிகிறதென்றும், வடவெல்லைக் காவலுக்கு வேலும் வாளும் வடிக்கும் அரசர் உலைக்களங்களுக்குக் கரி ஒருநாளும் தடைபடலாகாதென்றும், ஆகவே நிலத்தின் நிலையை ஆய்கிறேன் என்று காலம் கடத்தாமல் முன் எழுதியபடியே எழுதி முத்திரையிட்டு அனுப்புக என்றும் அதில் கண்டிருந்தது. பூதி அதை மூன்றுமுறை படித்தான். முன் எழுதியபடியே என்ற இடம் வந்தபோதெல்லாம் ஓலையைக் கீழே வைத்தான். முன் எழுதியவனும் அவனே.

அரையர் கடல்துறைப் பணியிலிருந்து அமைச்சுக்கு வந்தவர். மலைநாட்டு வழக்கம் அவர்க்குப் பழக்கமில்லாதிருக்கலாம் என்பதால் பூதி அதைச் சற்று விரித்து எழுதுகிறான். இங்கே மண்ணைத் தோண்ட உரிமை கொடுக்குமுன் பிடி சூழ வேண்டும். சுரங்கவாயில் ஒரு பெண்யானைக்கு மாலையிட்டு, உரிமை கேட்கும் நிலத்தை வலமாகச் சுற்றிவரச் செய்வார்கள். அவள் அடி வைத்த வழியே எல்லை. அவள் பின்னே எல்லைநாயகம் பழைய பட்டயத்தை ஏந்தி நடப்பான். அதில் எழுதிய நீரும் மரமும் புள்ளும் புற்றும் இன்று எப்படி இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகக் கண்டு, தழைத்தது, தேய்ந்தது, அழிந்தது என்று எழுதுவான். மாலையிட்ட நாழிகை முதல் அவள் சுற்றி முடித்துச் சுரங்கவாய்க்குத் திரும்பும்வரை அந்நிலத்தில் ஒரு மண்வெட்டியும் விழலாகாது. தொடங்கிய பிடியே முடிக்க வேண்டும். இவ்வளவும் சுரங்கவாயில் கல்வெட்டாக நிற்கிறது. வெட்டுவித்தவர் நம் அரசரின் பாட்டனார். என் வழிவந்தாரும் இதை மாற்றற்க என்பது அதன் கடைசி வரி.

ஆவணி மூன்றாம் நாள் காலை, கணத்தலைவர் மாநாகர் பார்த்திருக்க, வடுகன் மாறி என்னும் பாகன் இளநங்கைக்கு மாலையிட்டான். பெயர்தான் இளநங்கை, அவளுக்கு வயது அறுபதுக்கு மேல். சுரங்கத்தார் அனைவரும் கருவிகளைக் கீழே வைத்து மேலேறி வந்தனர். பூதி பட்டயத்தைப் பிரித்துக்கொண்டு பின்னே நடந்தான்.

கிழக்கெல்லை ஆம்பலோடை. சிறுகுழந்தை நீராடும் தெளிநீர் என்று பட்டயம் சொல்கிறது. இன்று அது துருப்பிடித்த இரும்பை ஊறவைத்த நிறத்தில் ஓடுகிறது. இளநங்கை துதிக்கையை நீட்டி முகர்ந்தாள், குடிக்காமல் நடந்தாள். பூதி தேய்ந்தது என்று எழுதினான். எழுதிய பிறகு ஓடையில் கைவைத்துப் பார்த்து, அதை அடித்து அழிந்தது என்று திருத்தினான்.

தெற்கெல்லை இரட்டை இலுப்பை. ஒன்று விழுந்து கிடக்கிறது. மற்றொன்று நிற்கிறது; இலை விட்டு நான்காண்டு ஆயிற்று என்றார்கள். மேற்கெல்லை நாரை இறங்கும் பேரேரி. ஏரியின் அடியில் வெடிப்பு விழுந்து, பெய்த மழையெல்லாம் கீழே சுரங்கத்துக்குள் இறங்கிப்போகிறது. இறங்கிய நீரைக் கணத்தார் ஏற்றம் வைத்து இறைத்து ஓடையில் விடுகிறார்கள். ஓடை கெட்டதும் இதனாலேயே. நாரை வந்து ஏழாண்டாகிறது. ஏரியின் கீழ் நெல் விளைந்த வயல்களில் இப்போது எருக்கு மண்டிக் கிடக்கிறது. பூதி மூன்று நாள் இவற்றைப் பார்த்தபடி நடந்தான். கணத்தலைவர் பல்லக்கில் உடன் வந்தார்; வழியெல்லாம் வெயிலைப் பற்றியே பேசினார்.

நான்காம் நாள் வடக்கெல்லை. பட்டயத்தில் அது ஆம்பற்பாடி ஊரடிப் புற்றுக்குத் தெற்கு. அதாவது ஊர் எல்லைக்கு வெளியே, புற்றுக்கு வடக்கே. இளநங்கை மேற்கிலிருந்து வந்து, புற்று இருக்க வேண்டிய இடத்துக்கு நாற்பது அடி முன்பாக நின்றாள். புற்றைக் காணவில்லை. அது இருந்த இடம் பள்ளமாகி, உள்ளிருந்து சூடான புகை கசிந்துகொண்டிருந்தது. பாகன் மாறி அவள் காதோரம் பேசினான், கரும்பு காட்டினான், தட்டிக் கொடுத்தான். முன்காலைத் தூக்கி மண்ணை மெல்லத் தட்டிப் பார்த்தாள், காலைப் பின்வாங்கிக்கொண்டாள். பாகன் பூதியின் முகத்தைப் பார்த்தான். இருவருக்கும் நினைவு ஒரே இடத்துக்குப் போயிற்று.

அரையரே, பூதி இங்கே தன் குற்றத்தை எழுதுகிறான். பன்னீராண்டுக்கு முன் இதே பிடி இதே இடத்தில்தான் நின்றாள். பூதி அப்போது பதவி ஏற்றுப் பத்து நாள் ஆனவன். அன்று ஊரில் திருவிழா, மேளம் அதிர்ந்துகொண்டிருந்தது. பிடி மேளத்துக்கு மிரண்டாள் என்று அவனாகவே முடிவு செய்துகொண்டான். வேளார்கோட்டை ஓலைக்குக் காத்திருந்தது. நேரத்துக்கு முடித்தான் என்று பெயர் வாங்க அவனுக்கு ஆசை. அவளை ஊருக்கு வடக்கே வெளிவழியாகச் சுற்றி ஓட்டிவரச் சொன்னான்; வந்தாள். பிடி சூழ்ந்தது என்று எழுதி முத்திரையிட்டான். அவள் அடி வைத்த வழியே எல்லை அல்லவா? ஆம்பற்பாடியின் நூற்று நாற்பது வீடும் அன்று மாலை கரிக்கணத்தார் எல்லைக்குள் விழுந்தன. ஊரார் அறியவில்லை. எழுதிய மூடனுக்கும் அது உறைக்கவில்லை. கணத்தார்க்கு உறைத்தது. அவர்கள் அதற்கு முன்பே திருட்டுத்தனமாக எல்லை தாண்டி வெட்டியிருந்தார்கள். பிடி நின்றது அதனாலேதான். அந்த ஓலைக்குப் பின் அச்சமின்றி வெட்டினார்கள்.

குடிகள் சொன்னதைக் கூட்டாமலும் குறைக்காமலும் அவர்கள் வாய்மொழியிலேயே எழுதுக என்பதும் அக்கல்லில் உள்ள விதி. அதன்படி, குயவர் தெருவைச் சேர்ந்த சேந்தி என்பாள் சொன்னது: எங்க வீடு மண்ணுக்குள்ள எறங்குனப்ப நான் சுனைக்குத் தண்ணிக்குப் போயிருந்தேங்க. திரும்பி வந்தா வீடு இருந்த எடத்துல புழுதி நிக்குது. எம் புருசன், மாமியா, ரெண்டு புள்ளைங்க. தோண்டி எடுத்துக் குடுங்கன்னு கணத்தாருகிட்டப் போனேன். ஊரே எங்க எல்லைக்குள்ளதாம்மா இருக்கு, அரண்மனை ஓலை இருக்குன்னு எடுத்துக் காட்டுனாங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. அந்த ஓலைய எழுதுனவரு யாருன்னு மட்டும் கேட்டுக்கிட்டு வந்தேன்.

இதைச் சொல்லிவிட்டு அவள் பூதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதியவன் நான்தான் என்று அவன் அவளிடம் சொன்னான். அதற்கு அவள் சொன்னது: தெரியும்ங்க. நாலு நாளா நீங்க நடக்குறதப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். நீங்க எழுதுனது, நீங்கதான் மாத்தணும். வேற யாரு மாத்துவா?

எழுத்தன் அந்த இடத்தில் எழுத்தாணியை நிறுத்திப் பூதியைப் பார்த்தான். அதையும் எழுதச் சொன்னவன் பூதியே.

மறுநாள் அவன் சுரங்கத்துள் இறங்கினான். மண்வெட்டி விழாத காலத்தில் இறங்கிப் பார்க்கத் தடை ஏதுமில்லை. வடக்கே செல்லும் வழியில் முந்நூறு அடி சென்றதும், தலைக்கு மேலே ஊர் இருக்கும் இடம் வந்தது. அங்கே மண்ணைத் தாங்க விட்டுவைத்த கரித்தூண்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு தூணின் மீதும் புதிதாகச் சுண்ணாம்புக் கோடு இழுத்திருந்தது. அது என்ன என்று உடன் வந்த வேலைக்காரனைக் கேட்டான். பெயர் எழுதினால் பிழைப்புப் போகும் என்று அவன் கெஞ்சியதால் பெயர் இங்கே இல்லை. அவன் சொன்னது: இது வெட்டறதுக்குப் போட்ட குறிங்கய்யா. புது ஓலை வந்ததும் தூணையெல்லாம் எடுக்கணுமாம். மத்த எடத்துல கரி தீந்துபோச்சு, நல்ல கரியெல்லாம் இதுலதான் இருக்கு. தூண எடுத்தா மேல இருக்கறது கீழ வரும்ங்க. எங்க அக்கா வீடும் மேலதான் இருக்கு.

முன் எழுதியபடியே எழுதுக என்று அரையர் கேட்பதன் பொருள் அந்தச் சுண்ணாம்புக் கோட்டில் இருக்கிறது. அரையர் இதை அறிந்தே கேட்டார் என்று பூதி சொல்லவில்லை. இனி அறியவில்லை என்று சொல்ல முடியாதபடி எழுதி அனுப்புகிறான்.

இளநங்கை நின்றது தெரிந்ததும் கணத்தலைவர் மாநாகர் சும்மா இருக்கவில்லை. வண்டி நிறையக் கரும்பு கொண்டுவந்து அவள் முன்னே தொடங்கிப் பள்ளம்வரை எறிந்து பரப்பச் செய்தார். அவள் நின்ற இடத்திலிருந்தே துதிக்கையை நீட்டி, எட்டிய மட்டும் எடுத்துத் தின்றாள். ஓர் அடி முன்னே வைக்கவில்லை. அங்குசத்தால் குத்தி ஓட்டச் சொன்னார். வடுகன் மாறி அங்குசத்தை அவரிடமே நீட்டி, முன்னால் நீங்கள் நடந்து காட்டுங்கள், பின்னால் ஓட்டிவருகிறேன் என்று பணிவாக விண்ணப்பித்தான். மாநாகர்க்கு அப்போது ஊரில் வேறு வேலை இருந்தது. மேளத்தைக் காட்டியும் மிரட்டிப் பார்த்தார்கள். அடித்து ஓயும்வரை அவள் காதை ஆட்டிக்கொண்டு நின்றாள். பன்னீராண்டுக்கு முன் மேளத்தின் மேல் பழி போட்டவன் அதை நேரில் நின்று பார்த்தான்.

பின்பு, புரட்டாசி எட்டாம் நாள், அரையரின் இரண்டாம் ஓலை வந்தது. ஒரு கிழட்டு விலங்கின் பிடிவாதத்துக்காக அரசாணை காத்திருக்காதென்றும், அரசர் கொட்டிலிலிருந்து இளம்பிடி ஒன்று வருகிறது, அதை வைத்து முடித்து எழுதுக என்றும், மறுத்தால் பூதியைப் பதவியிலிருந்து நீக்கிக் காவலில் வைக்க ஆள் வருமென்றும், அவன் இடத்தில் வருபவன் எழுதுவான் என்றும் அதில் இருந்தது. இனி வருவது அதற்கு மறுமொழி.

இளம்பிடி வந்து சேர்ந்தாள். அழகான பிடி. ஆனால் தொடங்கிய பிடியே முடிக்க வேண்டும் என்று கல்லில் இருப்பதால், அவள் இங்கே விருந்தாளி. இளநங்கைக்குப் பக்கத்தில் கட்டியிருக்கிறோம். இருவரும் நன்றாகப் பழகிவிட்டார்கள். அவளையும் ஒருமுறை அந்த நாற்பது அடியை நோக்கி நடத்திப் பார்த்தோம். அவளும் அதே இடத்தில் நின்றாள். அவளுக்கு வயது பதினெட்டு என்பதைக் கிழட்டு விலங்கு என்று எழுதிய கை குறித்துக்கொள்ளட்டும்.

வேலுக்கும் வாளுக்கும் கரி தடைபடும் என்ற கவலை நியாயமானது. பூதியும் இந்நாட்டில்தான் வாழ்கிறான். வடவெல்லை உடைந்தால் அவன் வீடும் எரியும். ஆகவே அவன் அதையும் போய்ப் பார்த்தான். வெட்டி மேலே கொண்டுவந்து குவித்த கரி தை முடியும்வரை உலைக்களங்களுக்குப் போதும். அதற்குள், மேற்கே ஊரும் ஏரியும் இல்லாத மொட்டைக்குன்றில் புதுச் சுரங்கம் திறக்கலாம். அங்கே பாறை கடினம். வெட்ட உழைப்பு மிகும். கணத்தார் அங்கே போகாததற்கு வேறு காரணம் எதுவும் பூதியின் கண்ணுக்குப் படவில்லை. தூணை உருவுவது எளிது என்பதற்காக ஓர் ஊரைக் கீழே இறக்குவோமானால், அந்த வேல் எந்தக் குடியைக் காக்கப் போகிறது என்று அரசர் திருமுன்பில் அரையரே கேட்டுச் சொல்ல வேண்டும்.

பூதியை நீக்குவது பற்றி: அரையர்க்கு அந்த அதிகாரம் உண்டு. நீக்கலாம், காவலில் வைக்கலாம், அவன் அஞ்சவில்லை. உண்மையைச் சொன்னால் முதல் ஓலை வந்த நாளில் அஞ்சினான். சேந்தி பேசிய பிறகு அந்த அச்சம் வெட்கமாகிவிட்டது. ஆனால் பூதியை மாற்றுவதால் அரையர்க்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அவன் இடத்துக்கு வருபவனும் இளநங்கையின் பின்னால்தான் நடக்க வேண்டும். அவளை மாற்ற அரசர்க்கே உரிமை இல்லை. அவள் நடக்காமலே நடந்தாள் என்று எழுதுபவன் கிடைப்பான். பூதியே ஒருகாலத்தில் அப்படி எழுதியவன்தான். அந்த எழுத்து என்ன செய்தது என்பதை ஊரார் இப்போது அறிவார்கள். புதியவன் எழுதும்போது நூற்று நாற்பது வீட்டாரும் சுற்றி நின்று பார்ப்பார்கள்.

காவலர் வருவதாயின், ஊருக்கு வடக்கே தெருவழி வேண்டாம். குதிரையும் ஆளும் சேர்ந்த பாரத்தை அந்த மண் தாங்கும் என்று பூதியால் உறுதி சொல்ல முடியாது. கிழக்கே ஓடைக்கரை வழியாக வரட்டும். வழியில் தண்ணீர் குடிக்க வேண்டாம்.

இதுவரை கூறியவற்றால், கீழ்மலை நாட்டு எல்லைநாயகம், தான் பதவியில் இருக்கும் நாள்வரை தனக்கு உள்ள அதிகாரத்தால் கட்டளையிடுவது:

இருட்பாடிச் சுரங்கத்துக்கு ஆவணி மூன்றாம் நாள் தொடங்கிய பிடிசூழல் இன்னும் முடியவில்லை. முடியாதவரை அந்நிலத்தில், மேலும் சரி கீழும் சரி, மண்வெட்டியோ கூந்தாலியோ விழலாகாது. ஐப்பசியில் பழைய உரிமை தீர்ந்த பின் புதியது இல்லை. பன்னீராண்டுக்கு முன் சாத்தன் பூதி எழுதிய வடக்கெல்லை பொய். அதை எழுதியவனே பொய் என்று இங்கே எழுதிக் கையொப்பம் இடுகிறான். ஆம்பற்பாடி எல்லைக்கு வெளியே உள்ளது. கரித்தூண் ஒன்றில் ஒரு விரற்கடை வெட்டினாலும் அது பிறர் வீட்டுத் தூணை வெட்டிய குற்றமாகும். சேந்திக்கு அவள் வீட்டாரின் உடலை எடுத்துக் கொடுப்பது கணத்தார் கடன். அதற்காகத் தோண்டுவதை மட்டும் இக்கட்டளை தடுக்காது.

இதை ஏற்காவிடில் அரையர்க்கு ஒரு வழி திறந்திருக்கிறது. அவரே இங்கு எழுந்தருளுக. இளநங்கை நிற்கும் இடத்திலிருந்து புற்றுப் பள்ளம் நாற்பது அடிதான். அரையர் முன்னே நடக்க, அவரைத் தாங்கிய மண்ணில் தன் காலை வைக்க அவள் மறுக்கமாட்டாள் என்று மாறி உறுதி கூறுகிறான். அவர் அப்பால் சென்று திரும்பி நின்று கை அசைத்தால், பூதி பின்னால் நடந்து வந்து, அங்கேயே அமர்ந்து, முன் எழுதியபடியே எழுதி முத்திரை இடுவான்.

அதுவரை பிடிக்குத் தீனி பற்றிக் கோட்டையிலிருந்து கவலைப்பட வேண்டாம். ஆம்பற்பாடியார் வீட்டுக்கு ஒரு நாள் என்று முறைவைத்துத் தழை கொண்டுவருகிறார்கள். மேட்டுச் சுனையிலிருந்து தண்ணீர் சுமக்கிறார்கள். முதல் நாள் முறை யாருடையது என்று பேச்சு எழுந்தபோது, வீடு இல்லாத சேந்தி, தன்னுடையது என்று சொல்லித் தலைச்சுமையாகத் தழையைக் கொண்டுவந்து இறக்கினாள். நேற்று முப்பத்தாறாம் வீட்டின் முறை. இன்னும் நூற்று நான்கு வீடு இருக்கிறது. முடிந்தால் மீண்டும் சேந்தியிலிருந்து தொடங்குவதாக ஊர் கூடிப் பேசி வைத்திருக்கிறது.

புரட்டாசித் திங்கள் பன்னிரண்டாம் நாள், ஆம்பற்பாடியை ஒட்டிய சுரங்க வடக்கெல்லையில், வெயில் ஏறிய பின் எழுதியது. சொன்னவன் எல்லைநாயகம் சாத்தன் பூதி. எழுதியவன் குமரன் நாகன். உடனிருந்து கேட்டவர் பாகன் வடுகன் மாறியும் சேந்தியும். சேந்தி தன் பெருவிரலை ஓடைக் கரையின் சிவந்த சேற்றில் தோய்த்து ஒற்றியிருக்கிறாள்.

புதுப்பிக்க வேண்டி வந்த பட்டயம் முத்திரை இல்லாமல் இத்துடன் திரும்பி வருகிறது. முத்திரை இவ்வோலையின் மீது இட்டிருக்கிறது.

இளநங்கை நிற்கிறாள். பூதியும் நிற்கிறான்.